மழைக்காலத்தில் லேப்டாப் உறைந்து நிற்கிறது: மைக்ரோகோட் அப்டேட் போட்டால் சரியாகுமா?

தேவாலா மழை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டம், தேவாலா பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, தமிழ் எம்.ஏ. எது முக்கியம் எது இல்லை என்று பிரிக்கத் தெரியாததால் பார்த்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

லேப்டாப் பழையது, 2019-ல் இரண்டாம் கையாக வாங்கினேன். ஐ5-6200யு பிராசஸர், 4 ஜிபி ராம் இரண்டு, எஸ்எஸ்டி. லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) தேதி 2016 என்று காட்டுகிறது, அதைத் தொட்டதே இல்லை. பேட்டரி பத்து நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம்.

வேலை என்னவென்றால், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. என் அம்மா வீடும் அப்படித்தான், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து இங்கே வந்தவர்கள். அந்தக் காலத்து பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்து செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) துண்டு, அங்கிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் வீட்டுக்கு வீடு டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. எங்கள் ஊர் ஈரத்தில் பாதி பூஞ்சணம், மீதியை இராமபாணப் பூச்சி தின்கிறது. நான்கு வருடமாக வீடு வீடாகப் போய் வாங்கிவந்து ஸ்கேன் செய்து, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, தேடக்கூடியதாக்கி வைக்கிறேன். யாருக்காவது சாதிச் சான்றோ வாரிசுச் சான்றோ வாங்க அலையும்போது ஒரு பெயர், ஒரு எண் அதில் கிடைத்தால் போதும்.

இப்போது பிரச்சனை. டெசராக்டை ஒரே நேரத்தில் நாலு கோப்பில் ஓட விட்டால் பத்து, பதினைந்து நிமிடத்தில் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. மவுஸ் நகராது. கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்குகூட மாறாது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். சில நாள் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். இதைவிடப் பெரிய கவலை, போன மாதம் ஸ்கேன் செய்த மூன்று படங்கள் பாதிக்கு மேல் சாம்பல் பட்டையாக இருக்கின்றன. சேமித்தபோது பிழை எதுவும் காட்டவில்லை.

ஜூன் 4-ம் தேதியிலிருந்து நோட்டில் குறித்து வைக்கிறேன். மழை விடாமல் பெய்யும் வாரத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து முறை. இரண்டு நாள் வெயில் அடித்தால் ஒரு முறை, அல்லது இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று நாள் வைத்திருந்து, ஒரு முறைகூட நிற்கவில்லை, ஆனாலும் போர்டு பழசு, எக்ஸ்சேஞ்சில் போட்டு வேறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேறு வாங்கும் நிலையில் நான் இல்லை.

தங்கை மகன் ஒரு வீடியோ அனுப்பினான். இன்டெல் பிராசஸர்கள் உறைந்துபோகின்றன, மைக்ரோகோட் அப்டேட் போட வேண்டும் என்று அதில் சொல்கிறார்கள். அது என் லேப்டாப்புக்கும் பொருந்துமா? அதற்கு பயாஸை அப்டேட் செய்ய வேண்டும் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த மாதத்தில் இங்கே மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்ட் வர இரண்டு நாள். பாதியில் கரண்ட் போனால் லேப்டாப் செத்துவிடும் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

---

குன்னூர் லினக்ஸ் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதில் தேவையில்லாதது ஒன்றுமே இல்லை. இவ்வளவு விவரத்தோடு இங்கே யாரும் கேட்பதில்லை.

முதலில் அந்த வீடியோ. அது 2024-ல் பெரிதாகப் பேசப்பட்ட 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சமாச்சாரம். அவை தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, நாளடைவில் உள்ளுக்குள் தேய்ந்துபோயின. அந்த ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுத்தது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அதனால் திரும்பச் சரியாக்க முடியாது என்றும் இன்டெல்லே சொன்னது. லேப்டாப் சிப்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதும் அவர்கள் சொன்னதுதான். உங்களுடையது 6-ம் தலைமுறை. அந்த வீடியோவை மறந்துவிடுங்கள்.

ஆனால் 6-ம் தலைமுறைக்கு வேறொரு கதை உண்டு. அது உங்கள் அறிகுறிக்குக் கொஞ்சம் ஒத்துப்போகிறது. 2017 ஜூனில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கும் குழு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்கைலேக் (6-ம் தலைமுறை), கேபிலேக் (7-ம் தலைமுறை) பிராசஸர்களில் ஹைப்பர் திரெடிங் (ஒரு கோர் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும் வசதி) ஓடும்போது, பிராசஸருக்குள் இருக்கும் சில குறிப்பிட்ட ரிஜிஸ்டர்களை (சின்ன நினைவிடங்களை) பயன்படுத்தும் சின்னச் சுழல்கள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் துண்டுகள், வந்தால் கணினி என்ன செய்யும் என்று சொல்ல முடியாது: நிற்கலாம், தரவு கெடலாம். ஓகாமெல் என்ற நிரல்மொழியை உருவாக்குபவர்கள்தான் தங்கள் நிரல் காரணமில்லாமல் விழுவதைத் துரத்திப் போய் இதைப் பிடித்தார்கள். திருத்தம் அதற்கு முன்பே, 2017 மே மாத மைக்ரோகோட் தொகுப்பில் வந்திருந்தது. உங்கள் பயாஸ் 2016. அதாவது அந்தத் திருத்தம் அதில் இருக்க வழியே இல்லை.

டெர்மினல் திறந்து எல், எஸ், சி, பி, யு என்ற ஐந்து எழுத்தையும் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். ஃபேமிலி 6, மாடல் 78, ஸ்டெப்பிங் 3 என்று வரும். எச்சரிக்கையில் இருந்த மாடல்களில் ஒன்று அது.

இனி நீங்கள் பயந்த விஷயம். மைக்ரோகோட் என்பது பிராசஸருக்குள், ஒவ்வொரு கட்டளையையும் எப்படிச் செய்வது என்று சொல்லும் உள்குறிப்பு. அதன் திருத்தம் பிராசஸருக்குள் நிரந்தரமாக எழுதப்படுவதில்லை. கரண்ட் போனால் அழிந்துவிடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் புதிதாக ஏற்ற வேண்டும். முதலில் பயாஸ் தன்னிடம் உள்ளதை ஏற்றும். பிறகு லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழும்போது, எஸ்எஸ்டியில் அதைவிடப் புதியது இருந்தால் அதை மேலே ஏற்றிக்கொள்ளும். ஆகவே பயாஸைத் தொடாமலே உங்கள் வேலை முடியும். மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர் மைக்ரோகோட் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து நிறுவி, ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

பயாஸ் அப்டேட் என்பது போர்டில் உள்ள சிப்பை அழித்து எழுதுவது. பத்து நிமிடப் பேட்டரியோடு, ஜூலை மாதம், தேவாலாவில் அதைச் செய்யவே வேண்டாம்.

---

கோவை பழுதுப் பெட்டி எழுதியது:

குன்னூர்த் தம்பி சொன்னது எல்லாம் சரிதானுங்க. ஆனா நான் பதினெட்டு வருசமா லேப்டாப் பிரிக்கிறவன். எனக்கு வேற சந்தேகம் வருது.

அம்மணி, உங்க நோட்டே பதில் சொல்லுது பாருங்க. மழை பெய்ஞ்சா நிக்குது, வெயில் அடிச்சா நிக்கிறதில்லை. கோயம்புத்தூருக்கு வந்தா மூணு நாள் நல்லா ஓடுது. மைக்ரோகோட் பிழைக்கு மழையும் வெயிலும் தெரியாதுங்க. தேவாலாவுல ஓடுற அதே சுழல்தான் கோயம்புத்தூர்லயும் ஓடும். சூடுன்னும் சொல்ல முடியாது, சூடு எங்க ஊர்ல அதிகம். மிச்சம் இருக்கிறது ஈரம்.

அப்புறம் அந்தச் சாம்பல் பட்டைப் படம். சேமிக்கிறப்போ பிழை காட்டாம படம் கெட்டுப் போயிருக்குன்னா நான் முதல்ல ராமைத்தான் பார்ப்பேன். லேப்டாப் ராமுல பிழையைக் கண்டுபிடிச்சுச் சொல்ற வசதி இருக்கிறதில்லை. ஒரு பிட் மாறிப்போனாலும் சத்தமில்லாம அதையே எழுதி வச்சிரும். நாலு கோப்பு ஒண்ணா ஓடினா ரெண்டு ராமும் முழுசா நிறையும். ஒண்ணு மட்டும் ஓட்டினா நிக்குதான்னு பார்த்தீங்களா?

மலையில இருந்து வர்ற மெசினுகளைப் பிரிச்சாலே தெரியும். கூடலூர், பந்தலூர், வால்பாறை, எல்லாம் ஒரே மாதிரி. ராம் காலு மேல ஒரு மங்கலான படலம் இருக்கும், கண்ணுக்குச் சட்டுனு தெரியாது. கழட்டி மாட்டினாலே பாதி சரியாப் போயிரும். கடையில எதுக்கோ திறந்து மூடியிருந்தாக்கூட ரெண்டு நாள் நல்லா ஓடியிருக்கும்.

முதல்ல மெம்டெஸ்ட்னு ராமைச் சோதிக்கிற புரோகிராம் இருக்கு, அதை ஓட்டுங்க. யுஎஸ்பில போட்டு அதுல இருந்து பூட் பண்ணி, ராத்திரி முழுக்க விடுங்க. சிவப்பு வரி ஒண்ணு வந்தாலும் ராம் பக்கம்தான் கோளாறு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ராமையும் தனித்தனியா மாட்டி ஓட்டுங்க.

மைக்ரோகோட் போட வேண்டாம்னு நான் சொல்லலை. போடுங்க. ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல செஞ்சிராதீங்க. எது சரி பண்ணுச்சுன்னு தெரியாமப் போயிரும், அடுத்த மழைக்கு மறுபடி முழிக்கணும்.

---

பண்ணைக்காடு வாத்தியார் எழுதியது:

பழனி மலையில் எங்கள் பள்ளி லேப்டாப்களுக்கும் இதே நிலைதான். இரவில் அணைத்ததும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு துணி முடிச்சாகக் கட்டி உள்ளே வைத்து மூடுகிறோம். சிலிக்கா ஜெல் கிடைத்தால் இன்னும் நல்லது, நீலம் மங்கினால் வாணலியில் லேசாகச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். காலையில் வெளியே எடுத்ததும் ஆன் செய்யாமல் கால் மணி நேரம் விடுங்கள். அடுப்பு மூட்டிய அறைக்குள் குளிர்ந்த லேப்டாப்பைக் கொண்டுபோனால் உள்ளே வேர்க்கும்.

அம்மா, உங்கள் வேலைக்கு என் வணக்கம்.

---

குன்னூர் லினக்ஸ் எழுதியது:

கோவை அண்ணா சொன்னது என் கண்ணில் படாமல் போய்விட்டது. மழைக்கும் உறைவதற்கும் உள்ள தொடர்பை நான் படித்தும் கடந்துவிட்டேன். அவர் சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள் அக்கா. மெம்டெஸ்ட் முதலில்.

மைக்ரோகோட்டுக்கு வரும்போது ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் என்றால் எப்போதும் நல்லதே நடக்கும் என்று நினைக்கக் கூடாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைக்காக வந்த மைக்ரோகோட், ஹாஸ்வெல், பிராட்வெல் (4, 5-ம் தலைமுறை) கணினிகளைத் தானாக ரீஸ்டார்ட் ஆக வைத்தது. இன்டெல்லே அந்த மாதம் 22-ம் தேதி, இப்போதைக்கு நிறுவ வேண்டாம் என்று அறிவித்தது. 2020 ஜூனில் உங்கள் மாடலிலேயே நடந்தது. மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு கொடுத்த புதிய தொகுப்பைப் போட்டதும் சில மாடல் 78 கணினிகள் பூட் ஆகாமல் நின்றன. உடனே மாற்றுத் தொகுப்பு கொடுத்து அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்போது அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் மீள்வதற்கு வழி தெரிந்திருந்தால் மனசு தைரியமாக இருக்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது பூட் மெனு வரும் (தானாக வராவிட்டால், ஆன் ஆனதும் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பாருங்கள்), அதில் இ என்ற விசையை அழுத்தினால் வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய் ஓர் இடைவெளி விட்டு, போனில் சொல்வது போல எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்: டி, ஐ, எஸ், அண்டர்ஸ்கோர், யு, சி, ஓ, டி, இ, அண்டர்ஸ்கோர், எல், டி, ஆர். எல்லாம் சின்ன எழுத்து. பிறகு எஃப்10. அந்த ஒரு முறை மட்டும் மைக்ரோகோட் ஏற்றாமல் கணினி எழும். உள்ளே போய்த் தொகுப்பை நீக்கிவிடலாம். இதை உங்கள் நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கணினி நின்றுபோனால் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க முடியாது.

---

தேவாலா மழை எழுதியது:

பதில் போட இத்தனை நாள் ஆனதற்கு மன்னியுங்கள். ஐந்து நாள் கரண்ட் இல்லை, அப்புறம் நெட் இல்லை.

கோவை அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒரே ஒரு கோப்பு மட்டும் ஓட்டினால் அதிகம் நிற்கவில்லை, மூன்று நாளில் ஒரு முறைதான். மெம்டெஸ்ட் ராத்திரி பத்தரைக்குத் தொடங்கினேன். நாற்பது நிமிடத்துக்குள் சிவப்பு. காலையில் எண்ண முடியாத அளவு. ஒரு ராமைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்தேன், சுத்தம். கழற்றியதை மட்டும் வைத்தேன், சிவப்பு. அதே ராமை மற்ற ஸ்லாட்டில் மாட்டினேன், அங்கேயும் சிவப்பு. எனவே ஸ்லாட் இல்லை, அந்த ராம்தான் என்று நானாகவே தெரிந்துகொண்டேன். மகிழ்ச்சியில் அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

டார்ச் அடித்துப் பார்த்தால் தங்க நிறக் கால்களில் ஒரு ஓரமாக மங்கல். ஏதோ மூச்சு பட்ட கண்ணாடி போல. தங்கை மகன் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம் என்றான். தேய்க்கட்டுமா?

---

கோவை பழுதுப் பெட்டி எழுதியது:

ரப்பர் வேண்டாங்க. நாங்களும் ஒரு காலத்துல அப்படித்தான் பண்ணினோம். தூள் ஸ்லாட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும், முலாமும் தேயும். மெடிக்கல்ல ஐசோபுரோபைல் ஆல்கஹால்னு கேளுங்க. பஞ்சு வேண்டாம், நூல் விடாத பழைய கண்ணாடித் துடைக்கிற துணியில லேசா நனைச்சு ஒரே திசையில துடைங்க. அரை மணி காய விட்டு மாட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி சார்ஜரையும் எடுத்திருங்க, பேட்டரியையும் எடுத்திருங்க. கையை ஏதாவது இரும்புல தொட்டுட்டு ஆரம்பிங்க.

அப்பவும் சிவப்பு வந்தா ராமே போச்சுன்னு அர்த்தம். 4 ஜிபி ஒண்ணோடயே ஓட்டுங்க. அந்த அளவு ராம் என் கடையில பழசு ரெண்டு கிடக்குது, கூடலூர் பஸ்ல போட்டு விடறேன். காசு வேண்டாம்.

---

தேவாலா மழை எழுதியது:

அண்ணா, பஸ்ஸில் போட வேண்டாம், சரியாகிவிட்டது! பந்தலூர் மெடிக்கலில் ஆல்கஹால் கிடைத்தது. துடைத்து, காயவைத்து, மாட்டி, மெம்டெஸ்ட்டை இரண்டு ராத்திரி விட்டேன். ஒரு சிவப்பு வரிகூட இல்லை. பிறகு வேறு எதையும் மாற்றாமல் பதினொரு நாள் வேலை செய்தேன். அதில் ஏழு நாள் நல்ல மழை. நாலு கோப்பு ஒன்றாக ஓட்டினேன். ஒரு முறைகூட நிற்கவில்லை. நோட்டில் பதினொரு நாளுக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள்தான் மைக்ரோகோட் நிறுவினேன். பூட் மெனு வார்த்தையை நோட்டு அட்டையில் எழுதிவிட்டு, ஒரு முறை அடித்தும் பழகிவிட்டுச் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை, நன்றாக எழுந்தது. கர்னல் பதிவில் பழைய எண் 8-ம் ஏ-யும், புதிய எண் எஃப்-ம் சைபரும் என்று இருக்கிறது. இது சரியா? எழுத்து எப்படி எண் ஆகும் என்று புரியவில்லை.

வாத்தியார் ஐயா சொன்ன டப்பாவும் வைத்துவிட்டேன். அரிசி இல்லை, சிலிக்கா ஜெல்.

---

குன்னூர் லினக்ஸ் எழுதியது:

சரிதான் அக்கா. அது பதினாறு அடிமான எண். ஒன்பதுக்கு அடுத்து ஏ, பி, சி என்று எஃப் வரை போகும். 2017-ல் சொன்ன திருத்தம் உங்கள் மாடலுக்கு பி9-லிருந்து தொடங்குகிறது. நீங்கள் 8ஏ-யில் இருந்தீர்கள், இப்போது எஃப்0. ஆக, உறைந்ததற்குக் காரணம் ராம்தான் என்றாலும், அந்தப் பழைய பிழையும் இத்தனை நாள் உங்கள் கணினியில் திருத்தப்படாமலே இருந்திருக்கிறது. டெசராக்ட் ஓடும்போது அது எப்போதாவது வேலையைக் காட்டியதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இப்போது அடைபட்டுவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகள் பலவற்றுக்கும் இதே தொகுப்பில் திருத்தம் உண்டு.

கர்னல் அப்டேட் வரும்போதும் இது தானாகவே கூடவே வரும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

ராம் கெட்டிருந்த காலத்தில் சேமித்த மற்றப் படங்களையும் ஒரு முறை திறந்து பாருங்கள். மூன்று மட்டும்தான் கெட்டிருக்கும் என்று நம்ப முடியாது.

---

தேவாலா மழை எழுதியது:

பார்த்தேன் தம்பி. ஜூன், ஜூலையில் செய்த 640 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மொத்தம் ஒன்பது கெட்டிருக்கிறது. அதில் ஆறு தாள்கள் பக்கத்து லைன் வீடுகளுடையவை, வாங்கி மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன். இரண்டு அம்மாவின் பெட்டியிலேயே இருந்தவை.

ஒன்பதாவது அய்யன்கொல்லிப் பக்கம் ஒரு பாட்டியுடைய செக்ரோல் துண்டு. அவருடைய அப்பா பெயர் எழுதியிருக்கும் ஒரே தாள் அதுதான். திருப்பிக் கொடுத்தபோதே ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். லேப்டாப்பையும் ஸ்கேனரையும் எடுத்துப் போய் அவர் வீட்டிலேயே செய்துவிட்டு, படத்தைத் திறந்து முழுதாகப் பார்த்த பிறகுதான் கிளம்புவேன்.